ஆரில் எழுதிய மாடல், பைத்தான் குழு: மாற்றி எழுதணுமா, அப்படியே கூப்பிடலாமா?

#1 செங்காங்வாசி

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் மறுவிற்பனை விலையைக் கணிக்கும் மாடல் ஒன்று எங்கள் குழுவிடம் இருக்கிறது. அதை எழுதியவர் புள்ளியியல் படித்தவர். ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் எழுதினார், இப்போது வேறு வேலைக்குப் போய்விட்டார். மீதி இருக்கிற நாங்கள் எல்லோரும் பைத்தான் ஆட்கள். தரவை இறக்குவது, சுத்தம் செய்வது, இணையப் பக்கம், சோதனை என்று எல்லாமே பைத்தானில்தான் ஓடுகிறது.

மாடல் இதுதான்: விலையின் லாக், மீதமுள்ள குத்தகைக்கு ஒரு வளைகோடு, பரப்பளவுக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று, ஒவ்வொரு நகருக்கும் காலப்போக்கில் தனி வளைகோடு, தெருவுக்கு ரேண்டம் எஃபெக்ட் (ஒவ்வொரு தெருவுக்கும் சராசரியிலிருந்து ஒரு சிறு ஏற்ற இறக்கம்). பொருத்துவது ஆரில் வளைகோட்டு மாடல்களுக்கான எம்ஜிசிவி (mgcv) தொகுப்பில் உள்ள 'பேம்' (bam) செயற்கூறு. 1990 முதல் உள்ள பொதுத் தரவு, 900,000 வரிசைக்கும் மேல்.

மேலாளர் "பைத்தானில் திரும்ப எழுதிவிடுங்கள், இரண்டு மொழியை யார் பார்த்துக்கொள்வது?" என்கிறார். பைத்தானின் புள்ளியியல் நூலகமான ஸ்டாட்ஸ்மாடல்ஸில் (statsmodels) இதே மாதிரி சூத்திரம் எழுதலாம் என்று பார்த்தேன். ஆர்பை2 (rpy2) என்ற பாலம் வழியாகப் பைத்தானிலிருந்து ஆரை உள்ளேயே கூப்பிடலாம் என்றும் படித்தேன். செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

#2 புள்ளிக்கோலம்

தம்பி, திரும்ப எழுதவேண்டாம் என்பதுதான் என் கருத்து. காரணத்தைச் சொல்கிறேன், மேலாளரிடம் எடுத்துச் சொல்ல உதவும்.

அந்த மாடலில் சூத்திரம் ஒரு வரிதான். அதை எந்த மொழியிலும் எழுதிவிடலாம். மதிப்பு இருப்பது அந்த வரிக்குப் பின்னால் நடக்கும் வேலையில். ஒவ்வொரு வளைகோடும் எவ்வளவு நெளியலாம் என்பதை எம்ஜிசிவி தானே தரவிலிருந்து கணிக்கிறது, எல்லா வளைகோடுகளுக்கும் ஒரே நேரத்தில். சைமன் வுட் பல ஆண்டுகளாகச் செதுக்கிய வேலை அது. தொகுப்பு ஆரோடு சேர்ந்தே வருகிறது, தனியாக நிறுவக்கூட வேண்டாம். ஸ்டாட்ஸ்மாடல்ஸிலும் இதற்கு ஒரு வகை உண்டு. ஆனால் தண்டனை எடையை (கோடு அதிகம் நெளியாமல் பிடித்துவைக்கும் எண்ணை) நீங்களே கொடுக்கவேண்டும், அல்லது தனியே ஒரு படி வைத்துத் தேடவேண்டும். உங்கள் மாடலில் நகருக்கு ஒரு வளைகோடு என்றால் இருபதுக்கும் மேற்பட்ட எடைகளைத் தேட வேண்டிவரும். அதோடு தெரு ரேண்டம் எஃபெக்டும் சேர்ந்தால் நீங்கள் பண்ணுவது மொழிமாற்றம் ஆகாது, புதிய மாடல் ஒன்றைக் கட்டுவதாகிவிடும். அது பழைய மாடலுக்குச் சமம் என்று யார் சான்று சொல்வது?

குத்தகை வளைகோட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 99 ஆண்டுக் குத்தகை. ஐந்து ஆண்டு குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் முடிந்தபிறகே பெரும்பாலோர் விற்கமுடியும், அதனால் 95க்கு மேல் தரவு மிக மெலிவு. மறுபக்கம், தரவில் உள்ள மிகப் பழைய குத்தகை 1966இல் தொடங்கியது, ஆக 40ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. இடையில் 60ஐச் சுற்றி மசேநி (மத்திய சேம நிதி), வங்கிக் கடன் விதிகளால் கோடு வளைகிறது. 2019 மே மாதம் அந்த விதியே மாறியது: வாங்குவோரில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை தாங்கினால்தான் மசேநியை முழு அளவில் எடுக்கலாம் என்று வந்தது. இப்படிப்பட்ட கோட்டில் நெளிவு சற்றுக் கூடினாலும் குறைந்தாலும் ஒரு குடும்பத்துக்குச் சொல்லும் விலை மாறுகிறது. நம் ஆட்களில் எத்தனை பேர் பழைய அங் மோ கியோ, குவீன்ஸ்டவுன் வீடுகளில் இருக்கிறார்கள் என்று யோசியுங்கள். அங்கே பிசகக்கூடாது.

#3 கொள்கலன்

அக்கா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன், திரும்ப எழுதாதீர்கள். ஆனால் ஆர்பை2வை இணையப் பக்கத்துக்குள்ளே போடாதீர்கள் பிரதர். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஆர்பை2 என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். பைத்தான் ஓடும் அதே செயல்முறைக்குள்ளேயே ஆர் பொறியைக் கிளப்புகிறது. இரண்டுக்கும் ஒரே நினைவகம், ஒரே உயிர். ஆர் பக்கம் ஒரு சி நிரல் விழுந்தால் பைத்தானும் சேர்ந்து விழும். ஆர் பொறி ஒரு நேரத்தில் ஒரு இழையில்தான் (thread, ஒரு நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத்தொடர்) ஓடும். இணையச் சேவையகமோ பல இழைகளைத் திறக்கும். விண்டோஸுக்கு அதிகாரபூர்வ ஆதரவும் கிடையாது, லினக்ஸ் அடுக்கு வைத்துத்தான் ஓட்டணும்.

ஆராய்ச்சி, ஜூப்பிட்டர் நோட்டுப் புத்தகம் (நிரலும் விடையும் கட்டம் கட்டமாக ஒரே பக்கத்தில்), மாதாந்திர அறிக்கை, இதற்கெல்லாம் அருமையான கருவி. ஆர்பை2வை எழுதிய லோரன் கோத்தியே (Laurent Gautier) அதை நன்றாகவே பராமரித்து வருகிறார். நோட்டுப் புத்தகத்தில் ஒரு கட்டத்தின் தலையில் இரண்டு சதவீதக் குறியும் ஆர் என்ற எழுத்தும் போட்டால் அந்தக் கட்டம் முழுக்க ஆர். உள்ளே எந்த அட்டவணை போகணும், வெளியே எது வரணும் என்று அதே வரியில் சொல்லிவிடலாம். பொதுமக்கள் கிளிக் செய்யும் பக்கத்துக்குப் பின்னால் வைக்கத்தான் வேண்டாம் என்கிறேன்.

என் வழி: ஆர் தனிக் கொள்கலனில் (container, தன் சூழலோடு தனியே ஓடும் பெட்டி). பைத்தான் சுத்தம் செய்த அட்டவணையை பார்க்கே (Parquet) என்ற அட்டவணைக் கோப்பாக எழுதும், ஆர் அதைப் படித்து மாடலைப் பொருத்தும், முடிவை இன்னொரு பார்க்கே கோப்பாக எழுதும். இரண்டு பக்கமும் அந்தக் கோப்பைப் படிக்க, எழுத ஆரோ (Arrow) நூலகம் இருக்கிறது, வகைகள் கெடாமல் போய்ச் சேரும். ஆரின் பதிப்பையும் தொகுப்புகளின் பதிப்பையும் பூட்டிவைக்க ராக்கர் (Rocker) திட்டத்தின் ஆயத்த ஆர் கொள்கலன் படிமங்கள் இருக்கின்றன.

#4 ஜூரோங்கிழக்கு

அண்ணே, அக்கா, நான் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன், இறுதியாண்டு. குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆர்பை2வைத் தனி இழையில் கூப்பிட்டபோது 'மாற்று விதிகளைக் காணவில்லை' என்ற பொருளில் ஒரு பிழை வருகிறது. நோட்டுப் புத்தகத்தில் அதே நிரல் நன்றாக ஓடுகிறது. இதுவும் அந்தக் கதைதானா?

#5 கொள்கலன்

அதேதான் தம்பி. பாண்டாஸ் (பைத்தானின் அட்டவணை நூலகம்) அட்டவணையை ஆர் அட்டவணையாக்கும் விதிகளை ஆர்பை2வின் 3ஆம் பதிப்பு வரிசை, பைத்தானின் சூழல் மாறியில் வைக்கிறது. புது இழை திறந்தால் அந்தச் சூழல் கூட வருவதில்லை. பழைய பாடங்களில் 'ஆக்டிவேட்' என்று ஒரே ஒரு முறை போட்டு விடுவார்கள், அந்தப் பழக்கத்தை விடுங்கள். மாற்றம் நடக்கும் இடத்தில் 'வித்' தொகுதிக்குள் விதிகளைத் தெளிவாகக் கொடுங்கள். எங்கே எல்லை தாண்டுகிறோம் என்று நிரலைப் படிப்பவருக்கும் தெரியும். இழைகளைத் திறந்து ஆரைக் கூப்பிடுவதை அப்போதும் செய்யாதீர்கள். தனிச் செயல்முறை போடுங்கள்.

#6 செங்காங்வாசி

நன்றி அக்கா, அண்ணே. நேற்று ஆர்பை2வில் சும்மா பொருத்திப் பார்க்கலாம் என்று தரவை அனுப்பினேன். குத்தகை நெடுவரிசையில் ஒரு எச்சரிக்கை: மாற்ற முடியவில்லை, உரையாக மாற்றிவிட்டேன் என்று. பிறகு எம்ஜிசிவி வளைகோடு போட மறுக்கிறது. பைத்தானில் பார்த்தால் நெடுவரிசையில் எண்கள்தானே இருக்கின்றன?

#7 புள்ளிக்கோலம்

எண்கள் மட்டும் இல்லை தம்பி, எல்லாக் கோப்புகளையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டினீர்களா? பொதுத் தரவு ஐந்து கோப்புகளாக வருகிறது. 2014 வரையிலான மூன்றில் மீதமுள்ள குத்தகை என்ற நெடுவரிசையே இல்லை. 2015, 2016 கோப்பில் அது வெறும் எண். 2017 முதல் உள்ள கோப்பில் '61 ஆண்டு 04 மாதம்' என்ற மாதிரி உரை, அதுவும் ஆங்கிலத்தில். ஒட்டியபிறகு பாண்டாஸ் எண், உரை, காலி மூன்றையும் ஒரே நெடுவரிசையில் பொறுத்துக்கொள்ளும். ஆர் பொறுக்காது. அங்கே ஒரு வெக்டருக்கு (அட்டவணையின் ஒரு நெடுவரிசைக்கு) ஒரே வகைதான். அதனால் ஆர்பை2 எல்லாவற்றையும் உரையாக்கி எச்சரிக்கையோடு அனுப்புகிறது.

நீங்கள் வளைகோடு போட்டதால் உடனே நின்றது. சாதாரண நேர்கோட்டு மாடலாக இருந்திருந்தால் நிற்காது. ஆர் அந்த உரையை வகைமாறியாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆண்டு மாதச் சேர்க்கைக்கும் ஒரு டம்மி மாறி (ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0) போட்டு, மிக நல்ல பொருத்தம் என்று காட்டிவிடும். எச்சரிக்கையைப் படிக்காத ஆள் அதை அப்படியே அறிக்கையில் போடுவார்.

வழி: குத்தகைத் தொடக்க ஆண்டு எல்லாக் கோப்பிலும் இருக்கிறது. ஒரே விதியில் எல்லா வரிசைக்கும் பைத்தான் பக்கமே கணக்குப் போடுங்கள். மாதத்தையும் தேதி வகையாக அனுப்பாதீர்கள். சிங்கப்பூரில் ஜனவரி 1 நள்ளிரவு, யூடிசி (உலகப் பொது நேர) கணக்கில் டிசம்பர் 31 மாலை 4 மணி. இரண்டு மொழிகளில் ஏதாவது ஒன்று நேர மண்டலத்தை வேறு மாதிரி எடுத்தால் ஒரு மாத விற்பனை மொத்தமும் முந்தைய மாதத்துக்குப் போய்விடும். 1990 ஜனவரியை 1 என்று வைத்து மாத எண்ணாக அனுப்புங்கள். அடையாள எண் எதையாவது அனுப்பினால் கவனம், ஆரின் முழு எண் 32 பிட்தான், 2,147,483,647க்கு மேல் போகாது.

எல்லையைத் தாண்டுவது எண்ணும் எளிய உரையும் மட்டுமே. இதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது மொழிச் சிக்கலே இல்லை, ஆனாலும் சொல்லவேண்டும். 2012 பிப்ரவரி வரை உள்ள கோப்புகள் ஒப்புதல் தேதிப்படி, மார்ச் 2012 முதல் பதிவுத் தேதிப்படி. கால வளைகோடு அந்த இடத்தில் தடுமாறினால் சந்தையைக் குறை சொல்லாதீர்கள். வீட்டு மாதிரியின் பெயரும் 1990களின் கோப்பில் முழுக்கப் பெரிய எழுத்து, பின்னால் வருபவற்றில் கலந்து. ஒன்றாக்காவிட்டால் ஒரே மாதிரி வீடு இரண்டு வகையாக நிற்கும்.

#8 தீமாசாலை

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்கவேண்டாம். எல்லாவற்றுக்கும் ஆர் தேவையில்லை. நாங்கள் அலுவலகத்தில் ஆர் நிரல்களைப் பைத்தானுக்கு மாற்றினோம். சாதாரண நேர்கோட்டு மாடல், லாஜிஸ்டிக் மாடல் எல்லாம் ஸ்டாட்ஸ்மாடல்ஸில் ஆரோடு பத்துத் தசம இடம்வரை ஒத்துப்போகின்றன. சூத்திர எழுத்துமுறையும் ஒன்றுதான். வில்கின்சனும் ராஜர்ஸும் 1973இல் கொண்டுவந்த குறியீடு, ஆரின் முன்னோடியான எஸ் மொழிக்கு வந்து, ஆருக்கு வந்து, பிறகு பைத்தானுக்கு வந்தது. ஒரு மொழியில் எல்லாம் இருந்தால் புதிதாகச் சேரும் ஆளுக்குச் சொல்லித்தருவது எளிது. மேலாளர் கேட்டது நியாயமான கேள்வி.

#9 புள்ளிக்கோலம்

நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. சாதாரண நேர்கோட்டு மாடல் என்றால் நானும் உங்கள் பக்கம். அதற்காக ஆரைக் கட்டி இழுப்பது வீண்.

ஆனால் 'சூத்திரம் ஒன்றுதான்' என்ற நம்பிக்கையில்தான் ஆபத்து இருக்கிறது. மாற்றும்போது இவற்றைப் பார்த்தீர்களா? ஆரில் இருமடிக்கு மேல்நோக்கிய கூர்க்குறி போடுவோம். பைத்தானின் பாட்ஸி (ஸ்டாட்ஸ்மாடல்ஸுக்காகச் சூத்திரத்தைப் படிக்கும் நூலகம்) சூத்திரத்தில் அதே குறியைப் போட்டால் அது அடுக்கு ஆகாது, பிட் அளவிலான எக்ஸார் (XOR) செயல், இரண்டு எண்களின் இருமப் பிட்டுகளை ஒப்பிட்டு வேறுபடும் இடத்தில் மட்டும் 1 போடுவது. தசம எண் நெடுவரிசை என்றால் பிழை வந்து காப்பாற்றும். முழு எண் நெடுவரிசை என்றால் சத்தமே இல்லாமல் ஓடும். குத்தகைத் தொடக்க ஆண்டு முழு எண். 1985ஐ இப்படி 'இருமடி' ஆக்கினால் 3,940,225 வராது, 1987 வரும். மாடலும் பொருந்தும், அட்டவணையும் அழகாக வரும்.

லாஜிஸ்டிக் மாடலுக்கு சைக்கிட்-லேர்ன் (பைத்தானின் இயந்திரக் கற்றல் நூலகம்) எடுத்தவர்கள் இன்னொன்றைப் பார்க்கவேண்டும். அங்கே கேட்காமலே எல்2 தண்டனை (குணகங்களைச் சுழியை நோக்கிச் சுருக்குவது) சேர்கிறது. அதே மாடலைப் பொருத்தும் ஆரின் ஜிஎல்எம் செயற்கூறில் அப்படி எதுவும் இல்லை. குணகங்கள் சுருங்கி வருவதைப் பார்த்து 'மொழி வேறுபாடு' என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்டாட்ஸ்மாடல்ஸில் சூத்திரம் இல்லாமல் அணியாகக் கொடுத்தால் மாறிலி தானாகச் சேராது. சூத்திரமாகக் கொடுத்தால் சேரும்.

குறுக்கு ரேண்டம் எஃபெக்ட் இருந்தால், அதாவது தெருவும் வீட்டு மாதிரியும் ஒன்றுக்குள் ஒன்று அடங்காமல் இருந்தால், ஸ்டாட்ஸ்மாடல்ஸில் மொத்தத் தரவையும் ஒரே குழு என்று சொல்லித்தான் எழுதவேண்டும். 900,000 வரிசைக்கு அது தாங்காது. ஆரின் எல்எம்இ4 (lme4) தொகுப்பு, பெரும்பாலும் 0 நிறைந்த அணிகளுக்கென்றே கட்டப்பட்டது. அந்தத் தொகுப்பை எழுதியவர்களில் ஒருவரான டக்ளஸ் பேட்ஸ் அதே வகை மாடல்களை ஜூலியா மொழியிலும் எழுதியிருக்கிறார். ஜூலியாவிலிருந்து ஆரைக் கூப்பிடவும் வழி இருக்கிறது. ஆர் ஆட்களுக்குப் பைத்தான் வேண்டும் என்றால் ரெட்டிகுலேட் என்ற தொகுப்பு இருக்கிறது. எல்லாத் திசையிலும் பாலம் இருக்கிறது. எந்த வேலை எந்தக் கரையில் நன்றாக நடக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு எடுக்கவேண்டும்.

#10 தீமாசாலை

எக்ஸார் விஷயம் எனக்குத் தெரியாது. எங்கள் நிரல்களில் தேடிப் பார்க்கச் சொல்கிறேன். அப்படியானால் சரிபார்ப்பது எப்படி? நாங்கள் குணகங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

#11 புள்ளிக்கோலம்

குணகத்தை ஒப்பிடாதீர்கள், கணிப்பை ஒப்பிடுங்கள். வகைமாறிக்கு எது அடிப்படை நிலை என்பதைப் பொறுத்துக் குணகம் மாறும். இரண்டு மொழியும் சும்மா விட்டால் அகர வரிசையில் முதலாவதை எடுக்கும். அதனால்தான் நம் தரவில் எல்லா நகரும் அங் மோ கியோவோடு ஒப்பிட்டு வருகிறது. ஆனால் பாண்டாஸ் பக்கம் யாராவது வகைகளுக்கு வேறு வரிசை கொடுத்திருந்தால் அது ஆருக்குள் அப்படியே போகும், அடிப்படை மாறும். வளைகோடுகளின் குணகங்களுக்கோ தனியாகப் பொருளே இல்லை.

ஆனால் மாடல் ஒன்றேயென்றால் ஒரு வீட்டின் கணித்த விலை ஒன்றாகத்தான் இருக்கவேண்டும். பொதுவான வீடு சில, ஓரத்து வீடு சில என்று ஒரு சிறு அட்டவணை வையுங்கள்: பொங்கோலில் 94 ஆண்டு மிச்சமுள்ள நான்கறை, குவீன்ஸ்டவுனில் ஐம்பதை ஒட்டிய மூவறை, உயரமான மாடியில் டிபிஎஸ்எஸ் (தனியார் நிறுவனம் கட்டி விற்ற வீவக வீடு), பெரிய மாசோனெட் (இரண்டு தளமுள்ள வீடு). ஆரில் ஒருமுறை கணித்து விடையைக் கோப்பில் போடுங்கள். அதன்பிறகு நிரலில் எதைத் தொட்டாலும் அந்த விடைகள் வரவேண்டும்.

#12 செங்காங்வாசி

அக்கா, அண்ணே, எல்லாம் புரிந்தது. மாதம் ஒருமுறை ஆர் கொள்கலன் பொருத்தும். ஆனால் பயனர் பக்கத்தில் வந்து தன் வீட்டு விவரம் கொடுத்தால் அந்த நொடியில் விலை சொல்லவேண்டும். அப்போது ஆர் வேண்டுமே?

#13 கொள்கலன்

ஆரிலேயே பிளம்பர் (plumber) என்ற தொகுப்பை வைத்து ஒரு சின்னச் சேவை எழுதலாம், பைத்தான் அதைக் கேட்கும். வேலை செய்யும். ஆனால் இரவு 2 மணிக்கு அது படுத்தால் எழுந்து பார்ப்பது யார் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள்.

#14 புள்ளிக்கோலம்

கணிக்கும் நேரத்தில் ஆர் வேண்டியதே இல்லை தம்பி. இந்த உரையாடலில் நான் சொல்ல நினைத்ததே முக்கியமாக இதுதான்.

பொருத்துவதுதான் கடினமான வேலை. பொருத்தி முடித்தபிறகு உங்கள் மாடல் என்பது வெறும் கூட்டல்: மாறிலி, குத்தகை வளைகோடு தரும் பங்கு, பரப்பளவின் பங்கு, மாடியின் பங்கு, நகர்-மாதம் தரும் பங்கு, தெருவின் பங்கு. எம்ஜிசிவியின் கணிப்புச் செயற்கூறில் வகையை 'டெர்ம்ஸ்' என்று கொடுத்தால் ஒவ்வொரு உறுப்பின் பங்கையும் தனித்தனியாகத் தரும், மாறிலியைத் தனியே ஒட்டித் தரும். குத்தகையை 40 முதல் 95 வரை ஒரு மாத இடைவெளியில் வைத்து அட்டவணை போடுங்கள். பரப்பளவுக்கு ஒரு சதுர மீட்டர் இடைவெளி போதும். நகர்-மாதத்துக்கு ஒரு கட்டம், தெருவுக்கு ஒரு பட்டியல். எல்லாம் சேர்ந்து சின்னக் கோப்புதான். பைத்தான் அதைப் படித்து, இடைப்பட்ட மதிப்புக்கு நேர்கோட்டில் இடைச்செருகி, கூட்டி, லாக்கைத் திருப்ப எக்ஸ்போனென்ஷியல் எடுத்தால் விலை. எம்ஜிசிவியின் உதவிப் பக்கத்திலேயே ஆருக்கு வெளியே கணிப்பதற்கு இப்படி ஒரு வழியை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள்.

பட்டியலில் இல்லாத புதுத் தெரு வந்தால் தெருவின் பங்கு 0. தெங்கா மாதிரிப் புது நகர் என்றால் நகருக்கே பங்கு இல்லை, அங்கே விலை சொல்லாமல் விடுவதே மரியாதை.

எக்ஸ்போனென்ஷியல் எடுத்தால் வருவது இடைநிலை விலை, சராசரி அல்ல. பிழைகள் லாக் அளவில் இயல்பு வடிவம் என்றால் சராசரிக்கு எஞ்சிய மாறுபாட்டின் பாதியை லாக் அளவில் சேர்க்கவேண்டும். வீட்டுக்காரருக்கு இடைநிலைதான் பொருத்தம் என்பேன். எதைக் காட்டுகிறீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள்.

#15 தீமாசாலை

இது என் மேலாளருக்கும் பிடிக்கும் வழி. ஒரு கேள்வி: விலையோடு 'இதிலிருந்து இதுவரை' என்று எல்லையும் காட்டவேண்டுமே? ஒவ்வொரு உறுப்புக்கும் திட்டப் பிழை வருகிறதே, அதைக் கூட்டினால் போதுமா?

#16 புள்ளிக்கோலம்

போதாது. உறுப்புகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. புது நகரில் குத்தகையும் நீளம், கட்டடமும் உயரம். திட்டப் பிழைகளை நேராகக் கூட்டினாலும் தப்பு, வர்க்கமாக்கிக் கூட்டினாலும் தப்பு. சரியான வழி 'எல்பிமேட்ரிக்ஸ்' வகைக் கணிப்பு: ஒவ்வொரு கட்டப் புள்ளிக்கும் அடிப்படைச் சார்புகளின் வரிசையைத் தரும். அதையும் குணகங்களின் இணைமாறுபாட்டு அணியையும் சேர்த்து ஏற்றுமதி செய்தால் பைத்தானில் ஒரு அணிப் பெருக்கலில் மாறுபாடு வந்துவிடும். அதோடு எஞ்சிய மாறுபாட்டைச் சேர்க்க மறக்காதீர்கள். ஒரு வீட்டின் விலைக்கு எல்லை சொல்கிறோம், சராசரிக் கோட்டுக்கு இல்லை. நடைமுறையில் எல்லையின் அகலத்தில் பெரும்பகுதி அந்த எஞ்சிய மாறுபாடுதான், ஏனென்றால் சமையலறையைப் புதுப்பித்தது, சூரியன் அடிக்கும் பக்கம், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடைதூரம் எதுவும் இந்தத் தரவில் இல்லை.

#17 ஜூரோங்கிழக்கு

அக்கா, என் இறுதியாண்டுத் திட்டத்துக்கும் இதே வழியை எடுக்கலாமா? என் தரவு சின்னது, ஈசூன் மட்டும். ஆசிரியர் பைத்தானில்தான் சமர்ப்பிக்கச் சொல்கிறார்.

#18 புள்ளிக்கோலம்

ஒரே நகர் என்றால் நோட்டுப் புத்தகத்தில் ஆர்பை2 போதும், கொள்கலன் எல்லாம் வேண்டாம். ஆரின் பதிப்பு, எம்ஜிசிவியின் பதிப்பு இரண்டையும் முதல் கட்டத்திலேயே அச்சிட்டு வையுங்கள். ஆரில் பெயருக்கு நடுவே புள்ளி வரும் செயற்கூறுகள் பைத்தான் பக்கம் அடிக்கோட்டோடு வரும், தேடிக் குழம்பாதீர்கள். ஆசிரியரிடம் ஏன் ஆரைக் கூப்பிட்டீர்கள் என்பதற்கு, ஸ்டாட்ஸ்மாடல்ஸில் பொருத்திய வளைகோட்டையும் எம்ஜிசிவி வளைகோட்டையும் ஒரே படத்தில் போட்டுக் காட்டுங்கள். கோடு இரண்டும் ஒன்றாக வந்தால் பைத்தானிலேயே இருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

#19 செங்காங்வாசி

மேலாளரிடம் பேசினேன். கணிப்புப் பக்கம் முழுக்க பைத்தான், ஆர் மாதம் ஒருமுறை மட்டும் என்றதும் ஒப்புக்கொண்டார். அக்கா சொன்ன சோதனை வீடுகளின் அட்டவணையை இந்த வாரம் தயார் செய்கிறேன். குத்தகைக் கட்டத்தை 40க்குக் கீழே நீட்டச் சொல்கிறார், 'அடுத்த ஆண்டும் ஓடவேண்டுமே' என்று.

#20 புள்ளிக்கோலம்

நீட்டாதீர்கள். மாதாமாதம் பொருத்துவதால் தரவு எங்கே வரை போகிறதோ கட்டமும் அங்கே வரை தானாகப் போகட்டும். கீழ் எல்லையை நிரலில் எண்ணாக எழுதாமல் தரவின் மிகக் குறைந்த குத்தகையிலிருந்து எடுங்கள். அதற்கும் கீழே ஒருவர் கேட்டால் பக்கம் விலை சொல்லக்கூடாது, காரணத்தைச் சொல்லவேண்டும். கொள்கலன் தம்பி, அந்தப் பார்க்கே கோப்பின் வடிவத்தை இங்கே போட்டால் மற்றவர்களுக்கும் உதவும்.

#21 கொள்கலன்

போடுகிறேன் அக்கா. நெடுவரிசைப் பெயர், வகை, காலி இருக்கலாமா கூடாதா, மூன்றும் ஒரு அட்டவணையாக. இரண்டு பக்கமும் கோப்பைத் திறந்தவுடன் முதல் வேலையாக அதைச் சரிபார்க்கும் நிரலையும் சேர்த்தே போடுகிறேன். பொருந்தவில்லை என்றால் அங்கேயே நிற்கும், உரையாக மாற்றிக்கொண்டு முன்னே போகாது.